ஆணை வந்த வழியையே மாற்றும் ஆணை

தொலைவிலிருக்கும் ஒரு சர்வரின் ஐபி முகவரியை மாற்றச் சொல்லும் ஆணை பெரும்பாலும் அந்தப் பழைய முகவரி வழியாகத்தான் உள்ளே வருகிறது. மாற்றம் சரியாக நடந்தாலும் பதில் திரும்பிப் போக வழி இருக்காது. தவறாக நடந்துவிட்டால் திருத்துவதற்கு உள்ளே நுழையவே முடியாது. கோப்பை அழிப்பது, பயனர் கணக்கு திறப்பது போன்ற அன்றாட நிர்வாக வேலைகளில் இந்தச் சிக்கல் இல்லை. நெட்வொர்க் இடைமுகங்களையும் வழித்தடங்களையும் நிரல் மூலம் கையாளும் ஏபிஐகளுக்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. அதன் முற்பகுதியில் இந்த முடிச்சுக்கு இடமே இல்லை. பிற்பகுதியில் பெரும்பாடு இதை அவிழ்ப்பதற்குத்தான்.

1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வெளிவந்தது. சாக்கெட்டுகளும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையும் அதில்தான் வந்தன. இடைமுகங்களையும் வழித்தடங்களையும் அமைக்க அடியில் வேலை செய்தது ஐஓசிடிஎல் என்ற சிஸ்டம் கால். முகவரி வைக்க ஓர் அழைப்பு, இடைமுகத்தை இயக்க இன்னொன்று, வழித்தடம் சேர்க்க வேறொன்று. மூன்றில் இரண்டு நிறைவேறி ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று இந்த அமைப்பு கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய தேவையும் அன்று குறைவு. நிர்வாகி பெரும்பாலும் சீரியல் வயரில் இணைந்த டெர்மினலின் முன் இருந்தார். நெட்வொர்க் போனாலும் கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்தக் காலத்து மிச்சம் ஒன்று இன்றும் லினக்ஸில் உண்டு. இடைமுகப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 16 பைட். கடைசி பைட் முடிவுக்குறிக்குப் போய்விடும். நெட்வொர்க் கார்டு செருகிய இடத்தை வைத்து நீளமான பெயர் சூட்ட நினைப்பவர்கள் 15 எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னல், மூலப்பெயரை நீட்டாமல் பக்கத்தில் நீண்ட மாற்றுப்பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள மட்டுமே வழி செய்தது.

1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2 பெரிய திருப்பம். அலெக்ஸி குஸ்னெத்சோவ் எழுதிய ஆர்டிநெட்லிங்க்கும், அதன்மேல் அமைந்த ஐபிரூட்2 கருவிகளும் பரவியது அப்போதிருந்துதான். கேட்டால் மட்டும் பதில் சொல்லிவந்த கர்னல், இப்போது ஓர் இடைமுகம் விழுந்தாலோ ஒரு வழித்தடம் மறைந்தாலோ அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிரல்களுக்குத் தானாகவே செய்தி அனுப்பியது. இன்றைய கன்டெய்னர் நெட்வொர்க் மென்பொருள்கள் பெருமளவில் நிற்பது இந்தத் தளத்தின் மேல்தான்.

ஆனால் செய்தி சொல்வது வேறு, காப்பாற்றுவது வேறு. லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஓர் இடைமுகத்தை நிறுத்தி உடனே மீண்டும் இயக்கினால், நேரடியாக இணைந்த சப்நெட்டுக்கான வழித்தடத்தைக் கர்னல் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். டிஃபால்ட் கேட்வேயை யாராவது கையால் சேர்த்திருந்தால், அது போனது போனதுதான். அதே சப்நெட்டில் இருக்கும் பக்கத்துச் சர்வரிலிருந்து பிங் அடித்தால் பதில் வரும். வேறு ஊரிலிருந்து வேலை பார்ப்பவருக்கோ திரை உறைந்து நிற்கும். ஆர்டிநெட்லிங்க் இதைப் பிழையாகக் கருதாது. சொன்னதைச் செய்தது, அவ்வளவே.

ரூட்டர் உலகத்தில் கதை வேறு மாதிரி போயிற்று. 1988-இல் வந்த எஸ்என்எம்பி நெறிமுறையில் மதிப்பைப் படிக்க மட்டுமல்ல, எழுதவும் ஆணை இருந்தது. 1991-இன் எம்ஐபி-2 வரையறைப்படி இடைமுகத்தை நிறுத்தலாம், வழித்தட அட்டவணையையும் திருத்தலாம். ஏட்டில் எல்லாம் இருந்தது. நடைமுறையில் அது டிராஃபிக் வரைபடம் போடுவதற்கே அதிகம் பயன்பட்டது. 2002 ஜூனில் வர்ஜீனியாவின் ரெஸ்டன் நகரில் நெறிமுறை வடிவமைப்பாளர்களும் நெட்வொர்க் நடத்துபவர்களும் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த ஆண்டு ஆர்எஃப்சி 3535 ஆக வந்த அதன் அறிக்கை, இந்தத் துறையின் ஆவணங்களில் ஒளிவுமறைவு மிகக் குறைந்தது எனலாம். கட்டமைப்புத் தகவலையும் நடப்பு நிலையையும் பிரித்துக் காட்டு, பல சாதனங்களில் செய்யும் மாற்றத்தை ஒரே பரிவர்த்தனையாக நடத்த விடு என்பவை அதில் பதிவான தேவைகளில் சில.

களத்தில் அதற்குள் ஒரு கைவைத்தியம் பழகிப்போயிருந்தது. மாற்றம் செய்யுமுன் "பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகு" என்று ரூட்டருக்குச் சொல்லிவைப்பார்கள். மாற்றிய பிறகும் உள்ளே வர முடிந்தால் அந்த ஆணையை ரத்து செய்வார்கள். முடியாவிட்டால், சேமிக்காத மாற்றம் ரீபூட்டில் தானே அழிந்து பழைய நிலை திரும்பும். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுபவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்ட மாதிரி. ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ் இந்த வைத்தியத்தை நாகரிகமான கட்டளையாக்கியது: மாற்றத்தைப் போடு, குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் திரும்பப் பெறு. 2006 டிசம்பரில் வந்த நெட்கான்ஃப் நெறிமுறையில் அதுவே தரமாயிற்று. அதன் பதிப்பாசிரியரும் ஜூனிப்பர்காரர்தான். அதில் இயல்பான கெடு 600 நொடி.

சர்வர்களுக்கு இந்தக் கயிறு வந்து சேர மேலும் பத்தாண்டு பிடித்தது. 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 நெட்பிளானை நெட்வொர்க் அமைப்புக்கான இயல்புக் கருவியாக்கியது. அதன் 'டிரை' கட்டளை மாற்றத்தை அமல்படுத்திவிட்டு 120 நொடி காத்திருக்கும். என்டர் தட்டாவிட்டால் பழைய நிலைக்குப் போகும். வியன்னாவின் புராக்ஸ்மாக்ஸ் நிறுவனம் தன் மெய்நிகராக்க மென்பொருளில் வேறு வழியில் யோசித்தது. ஏபிஐ மூலம் ஒரு நோடில், அதாவது ஒரு சர்வரில், பிரிட்ஜ் உருவாக்கினால் அது முதலில் தனிக் கோப்பில் எழுதப்பட்டுக் காத்திருக்கும். அமல்படுத்த வேறு ஆணை, கைவிட வேறு ஆணை. இது கை தவறுவதைத் தடுக்கும். கணக்கு தவறுவதைத் தடுக்காது.

என்டர் தட்ட மனிதர் இல்லாதபோது? இருநூறு நோடுகளுக்கு ஒரே கொள்கை போகும்போது யார் உறுதி செய்வது? என்எம்ஸ்டேட் திட்டம் இங்கேதான் கவனத்துக்குரியது. வேண்டிய நிலையை எழுதிக் கொடுத்தால், அது நெட்வொர்க்மேனேஜரிடம் மீட்புப்புள்ளி வைத்துக்கொண்டு மாற்றுகிறது, பிறகு நடப்பு நிலையைத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது, பொருந்தாவிட்டால் பின்வாங்குகிறது. அதன் குபர்னெட்டிஸ் வடிவம் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்வே பதில் சொல்கிறதா, டிஎன்எஸ் வேலை செய்கிறதா, ஏபிஐ சர்வரை எட்ட முடிகிறதா என்று நோடிலிருந்தே சோதிக்கிறது. உறுதி செய்யும் பொறுப்பு மனிதரிடமிருந்து இயந்திரத்துக்குக் கைமாறிய இடம் இது.

சோதிக்கும் இயந்திரமும் தவறலாம். 2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அளக்கக் கொடுத்த ஒரு பராமரிப்பு ஆணை, இணைப்புகளையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட ஆணைகளைத் தடுக்க வைத்திருந்த தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததாக நிறுவனமே பின்னர் எழுதியது. முதன்மை வழியும், அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் அடைபட்டதால் பொறியாளர்களை டேட்டா சென்டருக்கே நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்தத் தனி வழிக்கும் இப்போது ஏபிஐ உண்டு. சர்வர் போர்டிலேயே தனிச் சிப்பாக இருக்கும் பிஎம்சியை எச்டிடிபி வழியாக நிர்வகிக்க 2015-இல் ரெட்ஃபிஷ் தரம் வந்தது. பிரதான நெட்வொர்க் செத்தாலும் இதன் வழியாக உள்ளே போய்ச் சர்வரை நிறுத்தலாம், இயக்கலாம். பிஎம்சியின் சொந்த ஐபி முகவரியையும் ரெட்ஃபிஷ் மூலம் மாற்றலாம். மாற்றியதும் அந்த ஆணை வந்த இணைப்பு அறுந்துவிடும்.