சிசேரியன் பிரசவம்

தாயின் அடிவயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சை. பெரும்பாலும் முதுகில் போடும் ஊசியால் மார்புக்குக் கீழே மரத்துவிடும்; தாய் விழித்திருப்பார், வயிற்றை இழுப்பதுபோன்ற உணர்வு மட்டும் இருக்கும். குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும். தையல் போட்டு முடிக்க ஏறத்தாழ 45 நிமிடம் ஆகும்.

மீட்சி: 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும். ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல்மீது அணைத்துக்கொண்டால் வலி தணியும். ஏறத்தாழ 6 வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது.

காய்ச்சல், தையலில் சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிசேரியனும் முழுமையான பிரசவமே. தாய்க்கு ஓய்வும் துணையும் கட்டாயம் தேவை.