பல முழவு, ஓர் ஆள்



நம் ஜொகூர்த் தோட்டங்களில் முழவுச் சத்தம் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. திருவிழா வந்தால் உறுமி மேளம், கல்யாணம் வந்தால் தவில். உறுமிக்கு ஓர் ஆள், தப்புக்கு ஓர் ஆள், ஜால்ராவுக்கு ஓர் ஆள் என்று கூட்டமாகச் சேர்ந்து வாசிப்பதே நமக்குப் பழக்கம். ஆனால் ஆள் இல்லாவிட்டால்? முழவு நாலு இருக்கிறது, தட்டத் தெரிந்த பிள்ளை ஒன்றே ஒன்று என்றால் என்ன செய்வது? பிள்ளைகள் குறைந்த தோட்டப் பள்ளிகளில் பாட்டு சொல்லித் தரும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி இது. உலகத்துப் பெரிய இசை மேதைகளுக்கும் இதே கேள்வி வந்தது என்றால் நம்புவீர்களா?

முதலில் நம்ம வீட்டுக் கதையைப் பார்ப்போம். திருவாரூர் தியாகராசர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் என்று ஒன்று உண்டு. குடமுழா என்றும் சொல்வார்கள். தேவாரப் பாடல்களில் குடமுழாவின் பெயர் வருகிறது. ஒரே வெண்கலக் குடம், அதற்கு ஐந்து வாய். நடுவில் பெரியது ஒன்று, சுற்றிலும் நான்கு. ஐந்திலும் தோல் கட்டியிருக்கும். இதை வாசிப்பவர் ஒருவரே. பாரசைவர் என்னும் மரபினர் வழிவழியாக இதை வாசித்து வந்திருக்கிறார்கள். ஐந்து முழவைத் தனித்தனியாக வைத்து ஐந்து பேரைத் தேடாமல், ஒருவர் கை எட்டும் தூரத்தில் ஐந்தையும் சேர்த்து வைத்த அறிவை என்னவென்று சொல்வது!

மேல்நாட்டில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஹேடன், மோஸார்ட் காலத்தில் வாத்தியக் குழுவில் இரண்டு டிம்பனி முழவுகள் இருக்கும், அவற்றை ஒருவரே வாசிப்பார். பிறகு ஆசை பெருகிற்று. பிரெஞ்சுக்காரரான பெர்லியோஸ் 1830இல் எழுதிய சிம்பொனியில், தூரத்து இடிமுழக்கத்தைக் காட்ட நான்கு பேரை டிம்பனி வாசிக்க வைத்தார். 1837இல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய இரங்கல் இசைக்கு 16 டிம்பனிகள் தேவைப்பட்டன. அரசாங்கப் பணம் இருந்தால் எதுதான் முடியாது?

ஆனால் காலம் மாறியது. முதல் உலகப் போர் நடந்த வருடங்களில் ரஷ்ய இசைமேதை ஸ்திராவின்ஸ்கி சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தார். ஊரிலிருந்து வர வேண்டிய வருமானம் நின்றுபோயிற்று. கையில் காசு இல்லை. ஊர் ஊராகக் கொண்டு போய் நடத்தக்கூடிய சின்ன நாடகம் ஒன்று போடலாம் என்று எழுத்தாளர் ராமுஸும் அவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அதுதான் 'போர்வீரன் கதை'. வாத்தியக்காரர்கள் மொத்தம் ஏழே பேர். அவர்களில் முழவுக்கு ஒருவர்தான். அந்த ஒருவர் பெரிய முரசு, சிறிய முழவுகள், ஜால்ரா, முக்கோணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஸ்திராவின்ஸ்கி மேசை முன் உட்கார்ந்து மனம் போனபடி எழுதித் தள்ளவில்லை. அந்த முழவுகளைத் தாமே வாங்கி வந்து, தாமே தட்டிப் பழகினார். கை எவ்வளவு தூரம் எட்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அறிந்த பிறகுதான் எழுதினார். எந்தக் குச்சியால் தட்ட வேண்டும் என்பதையும் தாளிலே குறித்து வைத்தார். 1918 செப்டம்பர் 28ஆம் நாள் லோசான் நகரில் நாடகம் அரங்கேறியது. அடுத்து வந்த விஷக் காய்ச்சல் மற்ற ஊர்ப் பயணத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த இசை நின்றுவிடவில்லை. அதன் கடைசிப் பகுதியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, அந்த ஒற்றை முழவுக்காரர் மட்டுமே வாசித்து முடிக்கிறார்! 1930இல் மியோ என்ற பிரெஞ்சுக்காரர், ஒரே முழவுக்காரரை நடுநாயகமாக வைத்து ஒரு முழு இசையையே எழுதி முடித்தார்.

அமெரிக்காவிலும் இதே தேவை வந்தது. நாடகக் கொட்டகையில் இடமும் குறைவு, சம்பளப் பணமும் குறைவு. 1909இல் சிகாகோவில் லுட்விக் என்பவர், பெரிய முரசைக் காலால் மிதித்து அடிக்கும் நல்ல மிதிகட்டை ஒன்றைச் செய்தார். கைகள் இரண்டும் மற்ற முழவுகளுக்கு மிச்சமாயின. இன்று நாம் கல்யாண மேடையில் பார்க்கும் 'டிரம் செட்' இப்படி வளர்ந்ததுதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்தால், மீதி இரண்டு பேர் எங்கே போவார்கள்? 1927க்குப் பிறகு பேசும் படம் வந்தபோது, ஊமைப் படக் கொட்டகைகளில் வாசித்த வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். தோட்டத் துண்டாடலைக் கண்ட நம் பெரியவர்களுக்கு இந்த வேதனையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆகவே ஒருவருக்கு எழுதுவது என்றால், பலர் சுமையைத் தூக்கி ஒருவர் தலையில் வைப்பது என்று அர்த்தம் இல்லை. பால் மரம் வெட்டிய காலத்தில் ஒருத்தருக்கு இத்தனை மரம் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை, நிரையில் நடந்து பார்த்தவர் போட்டால் ஒரு மாதிரி இருக்கும், ஆபீஸில் உட்கார்ந்து போட்டால் வேறு மாதிரி இருக்கும். முழவுக்கு எழுதுவதும் அப்படித்தான். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூன்றாவது சத்தம் கேட்கக் கூடாது. குச்சி மாற்ற அவகாசம் விட வேண்டும். அடுத்தடுத்து வரும் முழவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அடித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பாட்டுக்கு உயிர் தருகிற அடி எது என்று கண்டு, அதை மட்டும் வைத்தால் போதும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை வாசிப்பவனுக்கு இலக்கணம் சொல்லும் இளங்கோவடிகள், மற்ற வாத்தியங்களில் குறை வரும் இடத்தில் நிரப்பவும், மிகும் இடத்தில் அடக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்கிறார். நிரப்பவும் அடக்கவும் தெரிந்த ஒருவன் பத்துப் பேருக்குச் சமம் என்றால் மிகையாகாது.

2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் நம் இளையராஜா தாம் எழுதிய சிம்பொனியை அரங்கேற்றினார். பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். நாளைக்கு நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றும் இசை எழுதலாம். எழுதும்போது, வாசிக்கப் போகிறவன் கையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள் கண்ணு! அந்த நினைப்பு இசைக்கு மட்டும் அல்ல, பிறரிடம் வேலை வாங்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் சிலரே ஆனாலும், அவர்கள் கைக்கு ஏற்ற பாட்டைக் கொடுப்போம். பள்ளி தானே முழங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!