உங்க போன் சார்ஜரும் பைக்காராவும்

இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு பேசலாம் நண்பர்களே. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? கடைசியில வருது, பொறுங்க.

ராத்திரி போனை சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குறோம். இன்னிக்கு அந்த மின்சாரம் அனல், அணு, காற்று, நீர்னு எல்லாம் கலந்து வருது. ஆனா கோவை வட்டாரத்துக்குப் பெரிய அளவுல கரண்ட் கொடுத்த முதல் இடம் நீலகிரிதான்.

மலையில இந்தக் கதை இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்து ஆலைக்காகக் காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்தார்கள். அது ஆலைக்கு மட்டும். ஊருக்கு வர வேண்டிய வெளிச்சம் 1932-ல், பைக்காரா திட்டத்தோடு வந்தது. இதற்காக அன்றைய சென்னை அரசில் முனைந்து நின்றவர் சர் சி.பி. ராமசாமி ஐயர்.

பைக்காரா ஒண்ணும் காவிரி மாதிரி பெரிய ஆறு இல்லையே, எப்படி முடிஞ்சது? ட்ரிப் பாட்டிலை ஏன் உயரத்துல தொங்கவிடுறோம்? அதே கணக்குதான். கிளன்மார்கன் பக்கத்திலிருந்து கீழே சிங்காரா மின்நிலையம் வரை தண்ணி சுமார் 3,000 அடி குழாயில் இறங்குது. தண்ணி கம்மியா இருந்தாலும் அவ்வளவு உயரத்தோட அழுத்தம் டர்பைனைச் சுத்திடும். மேட்டூர் இதுக்கு நேர் எதிர்: உயரம் கம்மி, தண்ணி அதிகம்.

அந்தக் கரண்ட் கம்பி வழியா சமவெளிக்கு இறங்கினதும் 1930-களில் கோவையில் நூற்பாலைகள் பெருகின. கிணத்துல கவலை இறைச்ச இடத்துல மோட்டார் வந்தது. அப்புறம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா. கெத்தை, பரளி, பில்லூர்னு ஒரே தண்ணியைப் படிப்படியா இறக்கித் திரும்பத் திரும்ப வேலை வாங்கினாங்க. எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்!

இப்ப 2019 ஆகஸ்டுக்கு வாங்க. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, மின்நிலையம் இருக்கிற மலையே இருட்டுல.

இந்த மாதிரி நாள்ல எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு கர்ப்பிணிக்கு வலி வந்தா 108-ஐக் கூப்பிடணும். போன்ல சார்ஜ் வேணும். மழை எச்சரிக்கை வந்த அன்னிக்கே பவர்பேங்கை நிரப்பி வைங்க. பத்து வீட்டுக்கு ஒரு போனையாவது அணைச்சுப் பத்திரமா வைங்க. ஜீப், லாரி பேட்டரியிலயும் சார்ஜ் ஏத்தலாம்.

இன்னொண்ணு, நான் இதை எழுதக் காரணமே இதுதான். கரண்ட் போனா ஹீட்டரும் போயிடும். உடனே கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சு ஜன்னலைச் சாத்திட்டுப் படுப்பாங்க. தயவுசெய்து வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, மயக்கம்னா ஜலதோஷம்னு நினைக்காதீங்க. கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டு வாங்க, அப்புறம் 108.