முப்பது பைட்டின் பயணம்

'ஜெஞ்சாரோம்' என்று தமிழில் எழுதினால் கணினிக்கு அது 30 பைட். அதே பெயர் ரோமன் எழுத்தில் 8 பைட்டில் முடிந்துவிடும். யூனிகோடை இணையத்தில் அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஜ, கொம்பு, ஞ, புள்ளி என்று பிரித்து எண்ணினால் இந்தப் பெயரில் 10 குறிகள்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், மலேசியாவின் கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். சீனப் புத்தாண்டுக் காலத்தில் டோங் ஜென் பௌத்த ஆலயத்தின் விளக்குகளைப் பார்க்க வெளியூர் மக்கள் திரண்டு வருவார்கள். அந்த விளக்குகளைப் பற்றி ஒரு தமிழ்ச் செய்தி, கூடவே ஒரு படம். இப்படி ஒரு பக்கம் ஜெஞ்சாரோமில் இருக்கும் ஒருவரின் கைப்பேசிக்கு எந்த வழியாக வந்திருக்கும்?

கதை 2005இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுப் பொங்கலின்போது, மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நார்வேயில் 'ஓபரா மினி' உலவி அறிமுகமானது. சிறு திரையும் சிறு நினைவகமும் கொண்ட ஜாவா கைப்பேசிகளுக்காக வந்தது அது. கைப்பேசி நேராகச் செய்தித் தளத்துக்குப் போகாது. ஓபராவின் சேவையகத்திடம் கேட்கும். அந்தச் சேவையகம் பக்கத்தைத் தானே வாங்கி, அடுக்கி, படங்களைச் சிறிதாக்கி, ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பும். 90 விழுக்காடு வரை டேட்டா மிச்சமாகும் என்றது அந்நிறுவனம். இப்படி நடுவில் நின்று வாங்கித் தரும் சேவையகத்துக்குத்தான் பிராக்ஸி என்று பெயர்.

ஆனால் தமிழ்ப் பக்கம் வந்து சேர்ந்தும் பலருக்குப் படிக்கக் கிடைக்கவில்லை. கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் எழுத்துகளின் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதற்கும் பிராக்ஸியிடமே மருந்து இருந்தது. ஓபரா மினியின் உள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் 'ஆம்' என்று மாற்றினால் போதும். சேவையகமே தமிழ் எழுத்துகளை வரைந்து படமாக அனுப்பிவிடும். தமிழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரப்பிய உபாயம் அது. டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவானது. ஆனாலும் சிக்கனத்துக்காக வந்த கருவி, பலருக்குக் கைப்பேசியில் முதன்முதலாகத் தமிழைப் படிக்கக் கொடுத்தது. அதன் வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

பிறகு திறன்பேசிகள் தமிழ் எழுத்துருவோடு வந்தன. 2014 ஜனவரியில் கூகுள் தன் குரோம் கைப்பேசி உலவியில் இதேபோல் நடுவில் நின்று பக்கத்தைச் சுருக்கும் வசதியை எல்லாருக்கும் தந்தது. எழுத்தை 'ஜிஜிப்' முறையில் சுருக்கும். முன்பு வந்த தொடர் மறுபடி வந்தால் அதை முழுதாக எழுதாமல், 'அங்கே பார்' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் வைக்கும். தமிழுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவது பைட்டிலும் இரண்டே வகை. ஆகவே நம் எழுத்தின் கூடுதல் எடையில் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடும். விளக்குப் படத்தை 'வெப்பி' வடிவத்துக்கு மாற்றும். இதில்தான் மிச்சம் அதிகம். அந்த வசதியின் வழியாகப் போன பக்கங்களின் அளவு ஏறக்குறைய பாதியானது என்று 2015இல் கூகுள் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள்.

அப்புறம் பூட்டு வந்தது. கடிதத்தைப் பிரித்துப் படிக்காமல் யாரும் அதைச் சுருக்கி எழுத முடியாது. எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்கம், வழியில் யாரும் பிரிக்க முடியாதபடி பக்கத்தை மூடி அனுப்புகிறது. 2015இன் இறுதியிலிருந்து 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு இதற்கான சான்றிதழை இலவசமாகத் தரவே, சிறிய தளங்களும் பூட்டிக்கொண்டன. பூட்டிய பக்கங்களைக் குரோமின் பிராக்ஸி பல ஆண்டுகள் தொடாமல் விட்டது. அது சரியான முடிவு.

நடுவில் நிற்பவரை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒனாவோ ஒரு பாடம். டேட்டாவைச் சுருக்கும் செயலியோடு தொடங்கிய இந்த இஸ்ரேலிய நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. அதன் பிந்தைய செயலி, உங்கள் தகவலைப் பாதுகாப்போம் என்று விளம்பரம் செய்துகொண்டே, பயனர்களின் கைப்பேசி நடவடிக்கைகளைத் திரட்டி ஃபேஸ்புக்கின் வணிகத்துக்குக் கொடுத்தது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக ஃபேஸ்புக்கின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மலேசியா 2021இன் இறுதியில் 3ஜி சேவையை மூடியது. அடுத்த மார்ச் மாதம், 100ஆம் பதிப்போடு, குரோமின் சுருக்கும் வசதியும் நின்றது. பல நாடுகளில் டேட்டா விலை குறைந்துவிட்டது என்று கூகுள் காரணம் சொன்னது. ஓபரா மினி இன்றும் இருக்கிறது.

காசை எண்ணி டாப்-அப் செய்பவருக்கு இன்று என்ன வழி? ஆண்ட்ராய்டின் 'டேட்டா சேவர்' அமைப்பை இயக்குங்கள்; திரைக்குப் பின்னால் செயலிகள் தின்னும் டேட்டா குறையும். வாட்ஸ்அப்பில் படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காணொளியின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். 'இலவசமாக டேட்டாவை மிச்சம் பிடித்துத் தருகிறேன்' என்று வரும் செயலியின் வழியாக வங்கிக் கணக்குக்குள் நுழையாதீர்கள்.

தமிழ்த் தளம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். நடுவில் நின்று உங்கள் பக்கத்தை இளைக்க வைத்தவர்களில் ஒருவர் போய்விட்டார். அந்த வேலை இனி உங்களுடையது. எழுத்தைச் சுருக்கி அனுப்புங்கள், படத்தைச் சிறிதாக்கி ஏற்றுங்கள். 30 பைட் ஊர்ப்பெயரால் யாருடைய டேட்டாவும் தீராது. அதன் மேல் நாம் ஏற்றி அனுப்பும் படங்களால்தான் தீர்கிறது.