கல்வெட்டைப் படிக்க நம்மில் யார்?

அண்டை நாடுகளைப் பற்றி நாமே ஆராய வேண்டாமா? சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகளில், 1968-இல், சிங்கப்பூர் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தைத் தொடங்கியது. வட்டார அரசியல், பொருளியல், சமூகம் ஆகியவற்றை ஆராய்வது அதன் பணி. முதல் இயக்குநராக வந்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹாரி பெண்டா. 2015 முதல் அது முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் பெயரையும் தாங்கியுள்ளது.

2002 முதல் 2012 வரை இயக்குநராக இருந்தவர் நம்மவரான கே. கேசவபாணி. அவர் காலத்தில் நடந்த 2007 மாநாட்டின் பயனாக, சோழர் கடற்படையெடுப்புகள் பற்றிய ஆங்கில நூல் 2009-இல் வெளிவந்தது. 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் வரை படை அனுப்பியது ஏன்? வெற்றிப் பெருமைக்கா, கடல் வணிகத்திற்கா? ஆய்வாளர்கள் அதில் விவாதிக்கிறார்கள்.

அந்நூலுக்காக இவ்வட்டாரத் தொடர்புடைய தமிழ், சமஸ்கிருதக் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தந்தவர்கள் ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் தமிழகத்தின் சுப்பராயலுவும். அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால், கடாரம் நம் கெடா. கல்லில் இருப்பது நம் மொழி. பெற்றோர்களே, மருத்துவம், பொறியியல் மட்டும்தான் படிப்பா? தமிழும் மலாயும் அறிந்த ஒரு பிள்ளையாவது வரலாறு படிக்கட்டுமே!