கேலக்ஸிகளின் வயதை வைத்து இருண்ட ஆற்றலை அளப்பது எப்படி?

1996-ல் ஜேம்ஸ் டன்லப் தலைமையிலான குழு, 53டபிள்யூ091 என்ற தொலைதூர கேலக்ஸியைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியது. நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோதே அதன் வயது குறைந்தது 350 கோடி ஆண்டுகள் என்றது அந்த ஆய்வு.

இங்கேதான் சிக்கல். பிரபஞ்சத்தில் பொருள் மட்டுமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், அப்போது பிரபஞ்சத்துக்கே வயது சுமார் 230 கோடிதான். அம்மாவைவிட மகளுக்கு வயசு கூட! இருண்ட ஆற்றலையும் (டார்க் எனர்ஜி) சேர்த்தால் அது சுமார் 420 கோடி ஆகிறது. கணக்கு இடிக்காது.

பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்பதை சூப்பர்நோவாக்களை வைத்து இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தது 1998-ல்தான்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

சூடான நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் எரிந்து தீரும். சிவந்தவை நீண்ட காலம் இருக்கும். புது நட்சத்திரங்கள் பிறப்பது நின்றுபோன கேலக்ஸியில் நீலம் குறைந்துகொண்டே வரும். அதன் நிறமாலையைப் பார்த்து வயதைக் கணிக்கலாம்.

ஆனால், கன உலோகங்கள் அதிகமிருந்தாலும் கேலக்ஸி சிவப்பாகத் தெரியும். 53டபிள்யூ091-க்கே பின்னர் வந்த சில ஆய்வுகள் குறைவான வயதைத்தான் கொடுத்தன.

அப்போ இந்த முறையை நம்பலாமா?

2002-ல் ராவுல் ஹிமெனெஸ், ஆவி லோப் இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: வயதை விடுங்கள், வயது வித்தியாசத்தை அளவிடுங்கள்.

உங்கள் வாட்ச் 10 நிமிடம் வேகமாக இருந்தாலும், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போக எவ்வளவு நேரமானது என்பதை அதே வாட்ச் சரியாகச் சொல்லும். அதுபோல, ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவான கேலக்ஸிகளைச் சற்றே வெவ்வேறு தூரங்களில் பார்த்தால், பொதுவான பிழை கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

ஒளியின் செம்பெயர்ச்சி, பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தது என்று சொல்லும். வயது வித்தியாசம், அதற்கு எவ்வளவு காலமானது என்று சொல்லும். இரண்டும் கிடைத்தால் அந்தக் காலத்தின் விரிவு வேகம் தெரிந்துவிடும். இருண்ட ஆற்றல் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எதையும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இது ஏன் முக்கியம்?

இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றா, காலப்போக்கில் மாறுவதா என்பதே பெரிய கேள்வி. மாறாதது என்றால், அது வெற்றிடத்துக்கே உரிய ஆற்றலாக இருக்கலாம். திருவனந்தபுரத்தில் பிறந்து அங்குள்ள யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன் (1957–2021), 2003-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரைக்கு ‘வெற்றிடத்தின் எடை’ என்றே தலைப்பில் பெயர் கொடுத்தார். அந்த எடையை குவாண்டம் கோட்பாட்டை வைத்துக் கணித்தால், நிஜ அளவைவிட 1-க்குப் பின் சுமார் 120 பூஜ்ஜியங்கள் போடும் அளவுக்கு அதிகமாக வருகிறது.

இருண்ட ஆற்றல் பலவீனமடைந்து வரலாம் என்று 2025 மார்ச்சில் டெசி ஆய்வுத் திட்டம் சில அறிகுறிகளை வெளியிட்டது. ஆனால், கண்டுபிடிப்பு என்று அறிவிக்க அந்தச் சான்று இன்னும் போதாது.

டெசி பயன்படுத்துவது வேறு அளவுகோல்: கேலக்ஸிகள் வானில் பரவியிருக்கும் விதம். எனவே வயது வித்தியாச முறை அதற்குத் தனியொரு சரிபார்ப்பாக அமையும். இப்போதைக்கு இதன் பிழை வரம்பு பெரிது. டெசி சொல்வது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த வரம்பைக் குறைக்க, துல்லியமான நிறமாலைகளும் நட்சத்திரங்கள் முதுமையடைவது பற்றிய இன்னும் நல்ல மாதிரிகளும் தேவை.