உசாத்துணைக் குறிப்பின் வரலாறு: மருத்துவ சஞ்சிகைகள் கண்ட ஒழுங்கு

ஆய்வுக் கட்டுரையொன்றின் இறுதியில் இடம்பெறும் உசாத்துணைப் பட்டியலை வாசிப்போர் மிகச் சிலர். எழுதுவோரிற் பலரும் அதனைக் கடைசி இரவின் வேலையாகவே கருதுகின்றனர். எனினும், ஓர் அறிவுத்துறை தன் கூற்றுக்களுக்கு எவ்வாறு பொறுப்பேற்கின்றது என்பதை அறிய விழைவோர் முதலிற் புரட்டவேண்டிய பக்கம் அதுவேயாகும்.

அம்பிட்டியவில் யாம் தங்கியிருக்கும் வாடகை அறையிலேதான் இவ்வெண்ணம் எமக்கு உதித்தது. அறையைப் பகிர்ந்துகொள்ளும் மருத்துவபீட நண்பர் தமது முதலாவது கட்டுரையைச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்ப ஆயத்தஞ் செய்தபோது, உசாத்துணைகளைச் சரிபார்க்கும் பணி கலைப்பீட மாணவனாகிய எம்மிடம் வந்து சேர்ந்தது. காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் திருத்துவதே வேலை என எண்ணினோம். பட்டியலின் 14ஆம் குறிப்பு வடிவில் அணுவளவும் பிழையற்றிருந்தது. ஆயின், அது சுட்டிய பக்கத்தில் முற்றிலும் வேறொரு கட்டுரையே காணப்பட்டது. நண்பர் மூலத்தைப் பார்த்திருக்கவில்லை; இன்னொருவரின் பட்டியலிலிருந்து அதனை எடுத்திருந்தார். அந்த இன்னொருவரும் அவ்வாறே எடுத்திருத்தல் கூடும். வடிவம் செம்மையாயிருக்க வழி தவறியிருக்கும் இந்நிலை எமது சிந்தனையைத் தூண்டிற்று.

மேற்கோளின் மூலத்தைச் சுட்டும் வழக்கம் மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. அம்பிட்டியவில், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் காலத்தில், 1893இல் தொடங்கிய குருமடத்தில் பயின்றோர் விவிலியத்தை அதிகாரம், வசனம் என்னும் எண்களாற் சுட்டினர். அச்சகர் ரொபேர் எத்தியேன் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இட்ட வசன எண்கள் நிலைபெற்றமையால், எந்த மொழிப் பதிப்பிலும் ஒரே எண் பெரும்பாலும் ஒரே இடத்துக்கு வாசகரை இட்டுச் செல்கின்றது.

தமிழ் உரையாசிரியரோ பெரும்பாலும் மேற்கோளை மட்டும் தந்து மூலத்தை வாசகரின் நினைவுக்கே விட்டனர். ஆசிரியரும் மாணாக்கரும் நூல்களை மனனஞ் செய்திருந்த காலத்தில் அது போதுமானதாயிற்று. அவ்வாறிருந்தும், சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் தமக்கு உதவிய நூல்களைப் பெயர் கூறிக் குறித்தார். அவற்றுள் ஒன்றான பஞ்சமரபின் சுவடி இருபதாம் நூற்றாண்டிற் கிடைத்து அச்சேறியபோது, அது எந்நூல் என அறிஞர் உணர்வதற்கு அக்குறிப்பு துணைநின்றது. மூலத்தின் பெயரைச் சொல்வது பிற்காலத்தார்க்குச் செய்யும் உதவி என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மருத்துவத்தில் இத்தேவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பெருகிற்று. சஞ்சிகைகள் பல்கின, எவராலும் அனைத்தையும் வாசிக்க இயலாதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் ஷோ பில்லிங்ஸ் 1879இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அட்டவணையைத் தொடங்கினார். உலக மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த அவ்வட்டவணையின் அச்சுப் பதிப்பு 2004 வரை வெளிவந்தது. 1881இல் ஹார்வார்டின் விலங்கியலாளர் எட்வேர்ட் லோரன்ஸ் மார்க், நத்தையினத்தைச் சார்ந்த ஓருயிர் பற்றிய தமது ஆய்வில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியுள் இட்டார். இன்று 'ஹார்வார்ட் முறை' எனப்படுவதன் தொடக்கமாக அதனையே காட்டுவர்.

இலங்கையும் இவ்வோட்டத்துக்குப் புறம்பாயிருக்கவில்லை. பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1887இல் தோன்றி, தனக்கென ஒரு சஞ்சிகையையும் தொடங்கிற்று. அதுவே பின்னர் 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' எனப் பெயர் பெற்றது. நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னரும் சஞ்சிகை தன் பழம்பெயரைக் கைவிடவில்லை. ஒரு சஞ்சிகையை அது வெளிவந்த காலத்துப் பெயராலேயே சுட்டவேண்டும் என்னும் விதியின் பயன் இத்தகைய இடத்திலேதான் புலனாகும். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதும், உரைகளில் வரும் மேற்கோள்களின் மூலநூல்களைத் தேடியறிவதில் அவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலன.

ஆயினும் ஒவ்வொரு மருத்துவ சஞ்சிகையும் தனக்கென ஒரு முறையை வகுத்திருந்தது. ஒரு சஞ்சிகை ஏற்காத கட்டுரையை மற்றொன்றுக்கு அனுப்ப விரும்பியவர் பட்டியல் முழுவதையும் மீளத் தட்டச்சுச் செய்யவேண்டியிருந்தது. 1978 ஜனவரியில் பொது மருத்துவ சஞ்சிகைகளின் ஆசிரியர் சிலர் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடி ஒரு பொது ஒழுங்கை வகுத்தனர். அது 1979இல் வெளியாயிற்று. கட்டுரையில் முதன்முதல் எடுத்தாளப்படும் வரிசையில் உசாத்துணைகளுக்கு எண்ணிடுதல், சஞ்சிகைப் பெயர்களை 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' வழக்குப்படி சுருக்குதல், ஆண்டு, தொகுதி, பக்கம் என்பவற்றை நிலையான ஒழுங்கில் தருதல் ஆகியன அதன் கூறுகளாம். நண்பரின் பட்டியலும் இம்முறையிலேயே அமைந்திருந்தது.

இவ்வொழுங்கு வழியைச் செப்பனிட்டது. வழியில் நடந்து பார்க்கும் கடமையையோ அது ஆசிரியரிடமே விட்டது. அக்கடமை தவறியதன் விளைவுக்கு ஒரு சான்று உளது. 1980இல் 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒப் மெடிசின்' என்னும் சஞ்சிகையில் போர்ட்டர், ஜிக் ஆகிய இருவர் ஐந்து வாக்கியங்களாலான கடிதமொன்றை எழுதினர். மருத்துவமனைகளில் வலிநீக்கியாக அபின்வகை மருந்து பெற்ற 11,882 நோயாளருள், முன்னர் அடிமைப் பழக்கம் இல்லாதோரில் நால்வரிடமே தெளிவான அடிமைநிலை காணப்பட்டதென்பது அதன் சாரம். வீட்டில் நீண்டகாலம் அம்மருந்தை உட்கொள்வோர் பற்றி அது யாதும் கூறவில்லை. 2017இல் கனடிய ஆய்வாளர் அக்கடிதத்தை எடுத்தாண்ட 608 வெளியீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 439, அடிமைநிலை அரிது என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டியிருந்தன. நோயாளர் மருத்துவமனையில் இருந்தோர் என்பதைப் பெரும்பாலானவை குறிப்பிடவே இல்லை. ஐந்து வாக்கியங்களை வாசிக்கச் சில நிமிடங்களே போதும். அச்சில நிமிடங்கள் செலவிடப்படாமை, வட அமெரிக்காவில் எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்ட மருந்துப் பெருக்கத்துக்குத் துணைபோயிற்று என அவ்வாய்வாளர் கருதினர்.

வன்கூவரிற் கூடிய குழு காலப்போக்கில் மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்து, ஆசிரியத்துவம், ஆய்வு நேர்மை ஆகியவற்றுக்கும் நெறிமுறைகளை வகுத்தது. உசாத்துணைகளை மூலத்தோடு ஒப்புநோக்குதல் ஆசிரியரின் பொறுப்பு என்பதும் அவற்றுள் ஒன்றாகும். புள்ளியில் தொடங்கிய முயற்சி நேர்மையை வந்தடைந்தமை தற்செயலன்று. இரண்டும் வாசகரின் நம்பிக்கையையே நோக்கமாகக் கொண்டவை.

நண்பரின் 14ஆம் குறிப்புக்குரிய மூலத்தை நூலகத்தில் இரு நாட்கள் தேடிக் கண்டோம். தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதனைத் திருத்திய பின் கட்டுரையை வாசித்த நண்பர், தமது வாதத்தை அது ஓரளவே தாங்குகின்றது எனக் கண்டு, தாம் எழுதிய வாக்கியத்தையும் மாற்றினார். எண்ணைத் திருத்தியது சிறு வேலை. வாக்கியத்தைத் திருத்தியதே ஆய்வு.

இன்று கணினி நொடிப்பொழுதிற் பட்டியலை எந்த முறைக்கும் மாற்றித் தருகின்றது. புள்ளிகளைப் பற்றிய கவலை நீங்கிற்று. எஞ்சிநிற்பது ஒரே கடமை: யாம் காணாத பக்கத்தைக் கண்டதாகச் சொல்லாதிருத்தல். மருத்துவம் பயில்வோர்க்கும் இலக்கியம் பயில்வோர்க்கும் இது பொதுவாகும்.